வட்டத்துக்குள் பூஜ்ஜியம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதையும் கீழிருந்து எண்ணித்தான் பழக்கம். அதிலும் தரைத்தளம் பூஜ்ஜியம். வீட்டில் எதைக் கழற்றினாலும், மாட்டும்போது இடம் மாறிவிடாமல் இருக்க, பூஜ்ஜியத்தில் தொடங்கி எண் போட்டு, லிஃப்ட் பொத்தான் மாதிரி சுற்றி ஒரு வட்டமும் போடுவார். "உலகத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் இந்தக் கிறுக்கு" என்பாள் மனைவி.

பழைய சாமான் கடையில் வாங்கிய நான்கு இழுப்பறை அலமாரிக்குப் புது பெயிண்ட் அடிக்க, ஞாயிறு காலை இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் இழுப்பறைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் பின்பலகையையும் அவள் உப்புத்தாளால் தேய்த்தாள். பச்சை போயிற்று. அதற்கடியில் மஞ்சளும் போயிற்று. வெறும் மரத்தில் பென்சிலால் எழுதிய மூன்று, வட்டத்துக்குள் இருந்தது. அடுத்ததில் இரண்டு.

"இதை எப்ப எழுதினீங்க?"

"நான் இன்னும் பென்சிலையே எடுக்கலையேம்மா."

எண்களுக்குப் பக்கத்தில் அவளுடைய சாய்ந்த கையெழுத்து இருந்தது. மூன்று, அவர். இரண்டு, நான். அடுத்த இழுப்பறையில், ஒன்று, பெரியவள்.

அவர்களுடைய ஒரே மகள் பக்கத்து அறையில் பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பிள்ளையை யாராவது பெரியவள் என்பார்களா?

கடைசி இழுப்பறையை அவரே தேய்த்தார். பூஜ்ஜியம், சின்னவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும்மா இந்தச் சின்னவ?"

அவள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, மரத்தூள் படிந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே இன்னிக்குக் காலையிலதாங்க தெரியும். சாயந்திரம் சொல்லலாம்னு இருந்தேன்."