மூச்சு வாங்கும் வளைவுகள்

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்புல சத்தே இல்லை!”

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் நின்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேன் என்பது கொஞ்சம் மிகைதான். பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. மீதி மூச்சாகவே போய்விட்டது.

நான் பூகோள ஆசிரியர். பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் மலை வரைகிறேன். ஏறுவது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லாமல், “என் வேகத்துக்கு வர முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க” என்று புறப்படும்போது சவால் வேறு விட்டிருந்தேன்.

இந்த முகாமுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். கட்சி இரண்டு. ரிலே ஓட்டத்தில் கட்டையைத் தவறவிட்டது யார் என்று ஆரம்பித்த சண்டை. ஒரு கட்சிக்கு நெட்டை தலைவன், இன்னொன்றுக்கு வாயாடி தலைவி. நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“ரெண்டு நாள் வெளியில கூட்டிட்டுப் போங்க சார். ஒண்ணா நடந்து, ஒண்ணா சாப்பிட்டா சரியாயிடுவாங்க” என்றார் தலைமையாசிரியை.

முதல் நாள் என்னென்னவோ செய்து பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் கையைப் பிடித்து நடக்கும் விளையாட்டு வைத்தேன். வாயாடி நெட்டையை நேராக முள்செடிக்குள் கூட்டிப் போனாள். இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு கூடாரம் போடுங்கள் என்றேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கிழிந்தது என் கூடாரம்.

மறுநாள் காலை மலையேற்றம். அதில்தான் இந்த மக்கர்.

முதல் வளைவில் ஒருவனுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்தது. இரண்டாவதில் ஒருத்திக்குக் கண்ணில் தூசி. மூன்றாவதில் நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“நீ ஃபுட்பால் டீம் கேப்டன்தானே?”

“ஆமா சார். ஆனா கிரவுண்டு தட்டையா இருக்கும் சார்.”

“சரி, அஞ்சு நிமிஷம். உனக்காகத்தான்” என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பாறையில் நான் சாய்ந்தேன்.

நாலாவது வளைவில் வாயாடிக்குக் கால் பிடித்துக்கொண்டது.

“எந்தக் கால்?”

இடதைக் காட்டினாள். தேய்த்துக்கொண்டிருந்தது வலதை. எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகத் திட்டியிருப்பேன். மூச்சு இருந்திருந்தால்.

ஐந்தாவதில், “சார், அது என்ன பறவை?” என்று எல்லாரும் நின்றார்கள். பறவை எங்கே தெரிந்தது? என் கண்ணில் பூச்சிதான் பறந்தது.

இப்படி வளைவுக்கு ஒரு சாக்கு. எட்டு வருவதற்குள்ளேயே நெட்டை மறுபடியும் விழுந்தான். ஒன்பதில் வாயாடி மறுபடியும் நொண்டினாள். பதினோராவது வளைவு தாண்டி உச்சிக்குப் போனதும் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தேன்.

“உங்க வயசுல நான் இந்த மாதிரி மலையை ஒரே மூச்சுல ஏறுவேன்!”

வடிகட்டின பொய். இருபத்திரண்டு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

“ரெண்டு தடவை மக்கர் பண்ணின நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் ஓடையில குளிக்கப் போகக்கூடாது. எல்லார் தட்டையும் கழுவுங்க.”

“சரி சார்” என்றார்கள், ஒரே குரலில். நாலு மாதத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை. கண்டிப்பு காட்டினால் ஒற்றுமை தானாக வரும் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கீழே இறங்கி, சாப்பாடு முடிந்ததும் துணைக்கு வந்திருந்த விளையாட்டு டீச்சர் மற்றவர்களை ஓடைக்குக் கூட்டிப் போனார். நான் கிழிந்த கூடாரத்துக்குள் கால் இரண்டையும் பையின் மேல் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தேன். பின்பக்கம்தான் குழாயடி. தட்டுச் சத்தத்தோடு சண்டைச் சத்தமும் கேட்டது.

“ஏறும்போதே வளைவைப் பங்கு போட்டோம்ல? எட்டாவது என்னோடது. நீ எதுக்கு முந்திக்கிட்டு விழுந்தே?” இது வாயாடி.

“உன் வளைவுக்கு இன்னும் அம்பது அடி இருந்துச்சு. சார் மூஞ்சி அப்பவே கறுத்துப்போச்சு. அதுவரைக்கும் தாங்குவாரா?”

“அதுவும் சரிதான். சாயங்காலம் பஸ்சுக்குப் போறப்போ அந்த மேட்டுல ஏறணுமே, என்ன பண்றது?”

“உன் ஆளுங்க நாலு பேர், என் ஆளுங்க நாலு பேர். வளைவைப் பார்க்க வேண்டாம். சாரோட மூச்சுச் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்துடலாம்.”

“உன் ஆளுங்க கிட்ட ஒண்ணு சொல்லிடு. கால் பிடிச்சா ஒரே காலைத் தேய்க்கணும். நான் மாத்தித் தேய்ச்சுட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். முழங்கால் சம்மதிக்க ஒரு நிமிடம் ஆனது. குழாயடிக்குப் போனதும் இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள்.

“சார்... நீங்க தூங்கலையா?”

“ரெண்டு பேரும் ஓடைக்குப் போங்க.”

“தண்டனை சார்...”

“ரெண்டு தடவை நின்னவங்களுக்குத்தானே தண்டனை? நான் பதினோரு தடவை நின்னவன். தள்ளுங்க.”

நெட்டையின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கியது.

அவர்கள் போகவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாயாடிதான் மெதுவாகச் சொன்னாள்:

“சரி சார், நீங்களே கழுவுங்க. நடுவுல களைப்பா இருந்தா வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். நாங்க ஒரு ஸ்பூனைத் தொலைச்சுட்டுத் தேட ஆரம்பிச்சுடுறோம்.”