வெயில் படாத கட்டம்

துத்தநாகத் தூள் ஏற்றிய துணி வெயிலைத் தடுக்கிறதா என்று பார்ப்பதற்காக, கம்பெனி மொட்டைமாடியில் வசந்தாமணி உச்சிவெயிலில் கையை நீட்டி உட்கார்ந்திருப்பாள். கையில் துணியைச் சதுரத் துண்டுகளாக ஒட்டியிருப்பார்கள். பிரித்தால் துணிக்கு அடியில் தோல் தப்பித்திருக்கும், சுற்றிலும் வெந்திருக்கும். சூப்பர்வைசர் தண்டபாணிக்கு அப்போதுதான் முகம் மலரும். போட்டோ எடுத்துக்கொள்வார்.

அன்று அவள் கேட்டுவிட்டாள். "ஏனுங்க, இந்தத் துணியில எனக்கொரு முழுக்கைச் சட்டை குடுங்க. வீட்டுக்கு நடந்து போகையில எரியுதுங்க."

"நல்லாக் கேட்ட போ! நீ முழுசா மூடிக்கிட்டா, துணி காப்பாத்துதுன்னு எதை வெச்சு அம்மிணி காட்டறது?"

அவர் அடுத்த துண்டை ஒட்டப் பார்த்தார். அந்தக் கையில் இனி இடமில்லை.

அவள் மற்றக் கையை நீட்டினாள்.