தொப்பிக்கு ஒரு தலை

சாலை போடும் ஆட்களில் ஒருவர் போன வாரம் வெயிலில் சுருண்டு விழுந்ததிலிருந்து, பாதுகாப்பு அதிகாரிக்குத் தூக்கமே இல்லை. எல்லோருக்கும் நல்ல தொப்பியாக இன்றைக்கே தேர்ந்தெடுத்துவிட வேண்டுமென்று, மேஜை நிறையப் பரப்பி வைத்திருந்தாள்.

"மேஸ்திரி, தொப்பி போட்டுப் பார்க்க உடனே ஒரு ஆளை அனுப்புங்க" என்று அவள் போனை வைக்கவும், வாசலில் ஒருவன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"மேடம், நான்..."

"பேச நேரமில்லை, வாங்க. இதைப் போடுங்க. குனியுங்க. காது மறையுதா?"

"மறையுதுங்க."

ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். தொப்பி பறந்துபோய் ஜன்னலில் மோதியது. அடுத்த தொப்பியோடு அறையைச் சுற்றி ஓடச் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே ஓடினான். அகல விளிம்பு வைத்த மூன்றாவது தொப்பி அசையவே இல்லை. அதன் பின்பக்கம் தொங்கிய துணியை அவன் கழுத்தைச் சுற்றி அவளே கட்டிவிட்டாள்.

"அப்பாடா, இதுதான்! இனி யாரும் வெயில்ல விழ மாட்டாங்க."

அப்போது இன்னொருவர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். "தொப்பி போட்டுப் பார்க்க மேஸ்திரி அனுப்பினாருங்க."

அவள் திகைத்து, தொப்பியோடு நின்றவன் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க யாரு?"

"உங்க அம்மா சொல்லலையா? ரெண்டு வீட்லயும் நமக்குக் கல்யாணம் பேசறாங்க. உங்களை நேர்ல பார்த்துப் பேசிட்டு வரச் சொன்னாங்க."

"ஐயையோ! முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வாயைத் திறக்க விட்டீங்களா? அதுக்குள்ள முந்திக்கிட்டு நீங்களே என் கழுத்துல கட்டிட்டீங்க!"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, தொப்பியைக் கழட்டுங்க" என்றாள். "இவ்வளவு நேரம் அதைத்தான் பார்த்தேன். இனிமேதான் உங்களைப் பார்க்கணும்."