பாறையக்காவின் ஓட்டு

இங்கிலாந்தில் ஆளே குடியில்லாத ஒரு குன்று இருந்ததாம். ஆனாலும் பார்லிமெண்டில் அதற்கு ஓர் இடம் உண்டு. தேர்தலன்று குன்றுக்குச் சொந்தக்காரரான பண்ணையார் ஏறிவந்து தன் மருமகன் பெயரைக் கத்துவார். குன்றின் பாறை அதையே திருப்பிச் சொல்லும். "ஊரே சொல்லிவிட்டது!" என்று இறங்கிப் போய்விடுவார்.

ஒரு வருஷம் அந்தப் பார்லிமெண்ட் இடத்தைப் பிடுங்கி, அதுவரை ஓட்டே இல்லாத அடிவாரத்து நெசவாலை ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"இனி என்னை யார் மதிப்பா?" என்று பாறை அழுதது.

"கத்தினதையே கத்துறதுக்கு மதிப்பு வேறயாக்கும்!" என்றது மேய்ந்துகொண்டிருந்த செம்மறி.

அடுத்த தேர்தலன்று கீழேயிருந்து ஒரே இரைச்சல். ஒருத்தர் ஒரு பெயரைச் சொல்ல, இன்னொருத்தர், "அவனா? கூடவே கூடாது!" என்றார்.

"பாறையக்கா, பதில் சொல்லேன்," என்றது செம்மறி.

"சும்மா இருடி. அவங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கிறாங்க. என்னைக் காதுகொடுத்துக் கேட்கவிடு," என்றது பாறை.