ஒரு சாண் ஜன்னல்

டெஸ்மண்டின் கொள்ளுத்தாத்தா ரயில் ஓட்ட அயர்லாந்திலிருந்து பொன்மலைக்கு வந்தவர். "நாங்க அயர்லாந்து வம்சம், லேசுல சாக மாட்டோம்" என்பது குடும்பப் பெருமை. அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் இப்போது கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறகு அயர்லாந்தை ஒருவரும் பார்த்ததில்லை. அங்கிருந்து வந்ததில் மிஞ்சியது ஒரே வழக்கம்தான்: சாகும் நேரத்தில், உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

டெஸ்மண்டுக்குப் புற்றுநோய் முற்றியதிலிருந்து, அவர் மனைவி, மணப்பாறைக்காரி அமலி, ஜன்னலை இறுகச் சாத்தியே வைத்திருந்தாள். சித்திரை மாதம். அறை புழுங்கியது.

"தொறயேன் அமலி."

"பேசாம படுங்க."

"எங்க வழக்கத்த எங்கள விடக் கெட்டியாப் புடிச்சிருக்கியேடி. நோய்க்கு முந்தி புழுக்கமே என்னைக் கொண்டுபோயிரும்."

அவள் சிரிக்கவில்லை. வெளியே கோடைமழை பிடித்துக்கொண்டது.

"அயர்லாந்துல எந்நேரமும் மழதானாம். கொஞ்சம் மூஞ்சில படட்டுமே."

அமலி எழுந்துபோய் ஒரு சாண் அளவு திறந்தாள். ஈரக்காற்று பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் உள்ளங்கையை அவர் பக்கமாகக் காட்டி, அந்தத் திறப்பின் குறுக்கே விரல்களை விரித்து வைத்தபடி நின்றாள். புறங்கை நனைந்துகொண்டிருந்தது.