இரண்டு கை வாசிப்பு

மாடி வீட்டுப் பியானோ இசையைக் கேட்டு இசைக்குழுத் தலைவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தங்கை கதவைத் திறந்தாள்.

“யாரும்மா வாசிக்கிறது? ரெண்டு கையும் என்னமா ஓடுது! எங்க குழுவுக்கு அவங்கதான் வேணும்.”

“எங்க அக்கா சார், உள்ள வாங்க.”

உள்ளே அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்த கீபோர்டு தானாகவே இசைத்துக்கொண்டிருந்தது.

“ரெக்கார்டா?” அவர் முகம் சுருங்கியது.

“நான் வாசிச்சதுதான் சார். முதல்ல இடது கைப் பகுதி, அப்புறம் வலது கைப் பகுதி, மெதுமெதுவா. எந்தக் கட்டையை எப்போ, எவ்வளவு அழுத்தினேன்னு கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சு, சேர்த்து வேகமா வாசிக்குது.”

“ரெண்டு கையாலயும் நேரா வாசிச்சா என்னம்மா?”

அக்கா டீயை வைத்துவிட்டுச் சால்வையை விலக்கினாள். வலது தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை.



அக்கா சிரித்தாள். “நாலு கை வாசிப்பும் இருக்கு சார். போடவா?”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“போடும்மா.”