கழன்ற வயர்

"ஷீனா கல்யாணம் முடியுற வரைக்கும் வீட்டுப் பக்கம் வந்துராதலே." இரண்டு வருடத்துக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் எலியேசர் மகனிடம் சொன்னது இது. "சரிப்பா" என்று மட்டும் ஜெர்வின் சொன்னான்.

அக்காள் ஷீனாவின் கல்யாணம் முடிந்து நான்கு மாதமாகிறது. அடிதடி வழக்கில் கோர்ட் விதித்த கெடு முடிந்தும் ஜெர்வின், ராஜபாளையத்தில் இந்தத் தகரக் கூரைப் பயிற்சிக்கூடத்தில் தங்கி, மோட்டார் வைண்டிங் படிக்கிறான். எதிரே ஸ்டூலில் எலியேசர் உட்கார்ந்திருக்கிறார். மில்லில் ஷிப்ட் முடித்து வந்தவர் தலையில் இன்னும் பஞ்சு இருக்கிறது. நடுவே மேஜையில் அவர் ரிப்பேருக்குக் கொண்டுவந்த வீட்டு டேபிள் ஃபேன். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் செம்புக் கம்பிச் சுருள் மின்னுகிறது. வார்னிஷ் வாசம் சூடாக எழுகிறது. ஜெர்வின் ஃபேனின் அடித்தட்டைத் திறக்கிறான்.

"மூணாவது தடவப்பா. அதே வயருதான்."

"பழைய ஃபேனுல்லா."

"பழசுதான். ஸ்க்ரூ தானா கழண்டுருமா?"

எலியேசர் தன் கைகளைப் பார்க்கிறார். கட்டைவிரலில் திருப்புளி வழுக்கிய கீறல் இன்னும் சிவந்திருக்கிறது. ஜெர்வினும் அதைப் பார்க்கிறான். வயரை முறுக்கி மாட்டுகிறான். ஃபேன் சுற்றுகிறது. அப்பாவின் தலையிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சு பறந்து மகனின் சட்டையில் ஒட்டுகிறது. அவன் அதைத் தட்டிவிடவில்லை. ஸ்விட்சை அணைத்து, "எடுத்துட்டுப் போங்கப்பா" என்று ஃபேனை நகர்த்துகிறான்.

எலியேசர் எழுந்து நிற்கிறார். ஃபேனைத் தொடவில்லை.

"நீயே தூக்கிட்டு வாலே," என்கிறார். "வீட்டுக்கு."